கப்பல் கிளம்பற நேரம் உங்க நேரம் இல்லை: க்ரூஸ் போர்ட்ல கரை இறங்குற கணக்கு

(பேச்சை எழுத்தாக்கும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். மற்றபடி எபிசோட்ல பேசினதுதான்.)

இன்னைக்கு எபிசோட் க்ரூஸ் பத்தினது. கப்பல்ல என்ன சாப்பாடு, எந்த ரூம் எடுக்கணும், அதெல்லாம் இல்லை. நேரம் பத்தினது. கப்பல் ஒரு ஊர்ல நிக்கும்போது எப்ப இறங்கலாம், எப்பத் திரும்பி வரணும், அட்டவணையில இருக்கிற நம்பருக்கு உண்மையில என்ன அர்த்தம்? சின்ன விஷயம் மாதிரிதான் தெரியும். இந்தக் கணக்கைத் தப்பாப் போட்டதால அப்பா அம்மாவோட நான் தாய்லாந்துல ஒரு கடற்கரையில மாட்டிக்கிட்டு நின்னிருப்பேன். அவங்க பாஸ்போர்ட் கப்பல்ல, அம்மாவோட பிரஷர் மாத்திரை கப்பல்ல, கையில ஒரு பை தேங்காய் மிட்டாய் மட்டும்.

காப்பாத்தினது யாருன்னு கடைசியில இல்லை, நடுவுலயே சொல்லிடறேன். முதல்ல அடிப்படை.

பேப்பர்ல 9 மணி நேரம், கையில அஞ்சரை

அப்பா ரிடையர் ஆன வருஷம், மூணு பேரும் சிங்கப்பூர்ல இருந்து 4 இரவு க்ரூஸ் போனோம். சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர். அட்டவணை இப்படி இருந்தது. பினாங்கு: மதியம் 2:30 முதல் இரவு 10:00 வரை. புக்கெட்: காலை 9:00 முதல் மாலை 6:00 வரை.

இதைப் பாத்தா என்ன தோணும்? பினாங்குல ஏழரை மணி நேரம், புக்கெட்ல 9 மணி நேரம். புக்கெட்லதான் ஊர் சுத்த நிறைய டைம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ரெண்டு ஊர்லயும் எங்களுக்கு நிஜமாக் கிடைச்சது கிட்டத்தட்ட அஞ்சரை அஞ்சரை மணி நேரம்தான்.

காரணம் என்னன்னா, அந்த அட்டவணை கப்பலோட நேரம். நம்ம நேரம் இல்லை. 9 மணின்னா கப்பல் அந்த இடத்துக்கு வந்து சேருற நேரம். அதுக்கப்புறம்தான் கயிறு கட்டணும், இல்லன்னா நங்கூரம் போடணும். கேங்வே, அதாவது கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல போடுற நடைபாலம், இறக்கி வைக்கணும். அந்த நாட்டு அதிகாரிகள் கப்பலோட காகிதங்களைப் பாத்து அனுமதி கொடுக்கணும். அது கிடைக்கிற வரைக்கும் ஒரு பயணியும் கால் எடுத்து வைக்க முடியாது. இதெல்லாம் முடிய அரை மணி நேரமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம்.

மறுமுனையிலயும் இதே கதை. 6 மணிக்குக் கிளம்பும்னா, 5:59க்கு ஓடி வந்து ஏறலாம்னு அர்த்தம் இல்லை. 'ஆல் அபோர்டு'ன்னு ஒரு நேரம் தனியாச் சொல்லுவாங்க. எல்லாரும் கப்பலுக்குள்ள இருந்தாகணும்ங்கிற நேரம் அது. பொதுவா கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி, சில இடத்துல ஒரு மணி நேரம் முன்னாடி. நீங்க மனப்பாடம் பண்ண வேண்டிய ஒரே நம்பர் இதுதான். கிளம்புற நேரத்தை மறந்துடுங்க.

பெர்த்தா, டெண்டரா?

அடுத்த கேள்வி, கப்பல் கரையை ஒட்டி நிக்குமா, கடல்லயே நிக்குமா?

பினாங்குல கப்பல் ஜார்ஜ் டவுன்ல இருக்கிற ஸ்வெட்டன்ஹாம் பியர்ல நேரா வந்து அணையும். இறங்கி நடந்தாலே ஊர். கொஞ்ச தூரத்துல கார்ன்வாலிஸ் கோட்டை, இன்னும் கொஞ்சம் நடந்தா லிட்டில் இந்தியா. தமிழ்ல போர்டு, தமிழ்ப் பாட்டு, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். 2:30க்கு வந்த கப்பல்ல இருந்து நாங்க வெளிய வர 3:30 ஆச்சு. ஆல் அபோர்டு 9:30. 9 மணிக்குத் திரும்பிட்டோம். அஞ்சரை மணி நேரம், ஒரு நிமிஷம்கூட டாக்ஸியில போகலை.

புக்கெட் வேற மாதிரி. அங்க ஆவ் மக்காம்ங்கிற இடத்துல ஆழ்கடல் துறைமுகம் இருக்கு. ஆனா பெரிய க்ரூஸ் கப்பல்கள் பல தடவை பதோங் கடற்கரைக்கு எதிர்ல நங்கூரம் போட்டு நிக்கும். எங்க கப்பலும் அப்படித்தான். அங்கிருந்து கரைக்கு டெண்டர்ல போகணும். டெண்டர்னா சின்னப் படகு. பல கப்பல்கள்ல லைஃப் போட்டாத் தொங்குற படகுகள்ல சிலதே டெண்டராவும் வேலை செய்யும்.

ஒரு பெரிய கப்பல்ல ரெண்டாயிரம், மூவாயிரம் பேர். ஒரு டெண்டர்ல நூறு பேர், நூத்தம்பது பேர் போகலாம். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும்: சர்வர் பெருசா இருந்து என்ன பண்றது, வெளிய போற பைப் சின்னது. அதனால டோக்கன் கொடுப்பாங்க. கப்பல்காரங்களோட சொந்த டூர் எடுத்தவங்களை முதல்ல அனுப்புவாங்க. மத்தவங்க தியேட்டர்லயோ லவுஞ்ச்லயோ உக்காந்து நம்பர் கூப்பிடற வரைக்கும் காத்திருக்கணும். 9 மணிக்கு நங்கூரம் போட்ட கப்பல்ல இருந்து நாங்க கரையில கால் வெச்சது 10:45க்கு.

திரும்பி வர்றதுல இன்னொரு சிக்கல். டெண்டர் போர்ட்ல ஆல் அபோர்டை விட முக்கியமானது 'கடைசி டெண்டர்' நேரம். கப்பல் 6:00, ஆல் அபோர்டு 5:30, கடைசி டெண்டர் 5:00. அந்த 5 மணிக்குக் கடற்கரையில எல்லாரும் ஒரே நேரத்துல வந்து நிப்பாங்க. வெயில்ல முக்கால் மணி நேர க்யூ சர்வ சாதாரணம். அதனால 4:15க்கே அங்க இருக்கிறதுதான் புத்திசாலித்தனம். 10:45ல இருந்து 4:15 வரைக்கும் கணக்குப் போடுங்க. அஞ்சரை. அதுலயும் டாக்ஸிக்குப் போற நேரத்தைக் கழிச்சா இன்னும் குறையும்.

டெண்டருக்கு இன்னொரு குணம் இருக்கு. அலை பெருசா இருந்தா ஓடாது. கடல் மோசமா இருந்தா கேப்டன் அந்த ஊரையே ரத்து பண்ணலாம். டெண்டர் போர்ட்ல பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எதையும் முன்கூட்டியே வாங்கிடாதீங்க.

5:30ன்னா யாரோட 5:30?

இப்ப நான் பண்ண தப்புக்கு வர்றேன்.

நான் சர்வர் பக்கம் வேலை பாக்கிறவன். எங்க டீம்ல யாராவது டைம்ஸோன் போடாம வெறும் நேரத்தை மட்டும் கோட்ல எழுதியிருந்தா, ரிவ்யூல நானே ரிஜெக்ட் பண்ணுவேன். அப்படிப்பட்ட நான், டூருக்குப் போட்ட ஷீட்ல என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? 'கடைசி டெண்டர் 5:00'. அவ்வளவுதான். யாரோட 5:00?

சிங்கப்பூரும் மலேசியாவும் யூடிசி ப்ளஸ் 8. தாய்லாந்து ப்ளஸ் 7. ஒரு மணி நேரம் பின்னாடி. வரைபடத்துல பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் தீர்க்கரேகையில சுமார் 2 டிகிரிதான் வித்தியாசம். சூரியக் கணக்குல அது 8 நிமிஷம். கடிகாரத்துல 1 மணி நேரமா இருக்கக் காரணம், 1982 ஜனவரி 1 அன்னைக்குத் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளி, சபா, சரவாக் நேரத்தோட ஒண்ணாச் சேத்துக்கிச்சு. சிங்கப்பூரும் கூடவே மாத்திக்கிச்சு. ஒரு ராத்திரி பயணத்துல நம்ம கடிகாரம் ஒரு மணி நேரம் ஆடுறதுக்குப் பின்னாடி இப்படி ஒரு அரசாங்க முடிவு இருக்கு.

தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னாடின்னு எனக்குத் தெரியும். தெரியாதது, கப்பல் என்ன பண்ணும்ங்கிறது. கப்பலுக்குன்னு தனியா ஒரு நேரம் உண்டு. 'ஷிப் டைம்'னு சொல்லுவாங்க. சில பயணங்கள்ல ஊருக்கு ஊர் கடிகாரத்தை மாத்துவாங்க. சில பயணங்கள்ல கிளம்பின ஊரோட நேரத்தையே கடைசி வரைக்கும் வெச்சுப்பாங்க. எங்க கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வெச்சிருந்தது. முந்தின ராத்திரி கேபின்ல வெச்ச தாள்ல 'எல்லா நேரமும் ஷிப் டைம்'னு தெளிவாப் போட்டிருந்தாங்க. நான் படிக்கலை. புக்கெட்டுக்கு வந்தா புக்கெட் நேரம்தானேன்னு நானே முடிவு பண்ணிட்டேன். தப்பு முழுக்க என்னோடது.

கரையில இறங்கினதும் ஏர்ப்ளேன் மோடை எடுத்தேன். போன் தாய்லாந்து நெட்வொர்க்கைப் பிடிச்சுது. மணி 9:45ன்னு காட்டுச்சு. நான் என்ன நினைச்சேன்? "பரவாயில்லையே, சீக்கிரமே வந்துட்டோமே!" அந்த இடத்துலயே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலை.

டாக்ஸி பிடிச்சு புக்கெட் ஓல்ட் டவுன் போனோம். மலையைத் தாண்டிப் போகணும். பழைய கடைவீதி, கலர் கலரா வீடுகள், அம்மா நிறைய போட்டோ எடுத்தாங்க. என் திட்டப்படி 3:45க்குக் கிளம்பினா 4:30க்கு பதோங். 5 மணி டெண்டருக்குத் தாராளம். போன்ல மணி 3:05. ஒரு கடையில உக்காந்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டு இருக்கோம். அப்பா கையைப் பாத்தார்.

"ஏன்டா, மணி நாலு தாண்டிடுச்சே. கிளம்பலையா?"

"இல்லப்பா, மூணுதான் ஆகுது. உங்க வாட்ச் தப்பா ஓடுது."

"தப்பா ஓடுதா? சிங்கப்பூர்ல இறங்கின அன்னைக்கு நீதானே மாத்திக் கொடுத்த. அதுக்கப்புறம் நான் தொடவே இல்லையே."

அப்பா கட்டியிருந்தது சாவி கொடுக்கிற பழைய எச்.எம்.டி. வாட்ச். அதுக்கு நெட்வொர்க் கிடையாது, ரோமிங் கிடையாது. சிங்கப்பூர் நேரத்தை அப்படியே வெச்சுக்கிட்டு ஓடிட்டு இருந்தது. கப்பலும் அதே நேரத்துலதான் ஓடிட்டு இருந்தது. அந்தக் கடையில சரியான மணி தெரிஞ்ச ஒரே ஆள் அப்பாதான்.

காலையில போட்டோ எடுத்து வெச்சிருந்த அந்தத் தாளைத் திறந்து பாத்தேன். 'ஷிப் டைம்'. வயிறு கலங்கிடுச்சு. ஐஸ்க்ரீமை அப்படியே விட்டுட்டு ஓடினோம். ஷிப் டைம் 4:08க்கு டாக்ஸி. பதோங் மலை இறக்கத்துல டிராஃபிக். அம்மா ஒரு வார்த்தை பேசலை, முந்தானையைத் திருகிட்டே வந்தாங்க. 4:52க்குக் கடற்கரை. க்யூவுல இன்னும் ஆளுங்க நின்னுட்டு இருந்தாங்க. அந்தக் கூட்டத்தைப் பாத்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. படகு ஏறும்போது அஞ்சு தாண்டியாச்சு.

என் திட்டப்படியே கிளம்பியிருந்தா? போன்ல 3:45ன்னா ஷிப் டைம் 4:45. கடற்கரைக்கு வரும்போது 5:30. கப்பல் கண்ணுக்குத் தெரியும், போறதுக்குப் படகு இருக்காது.

இதுல ஒரு சின்ன விதி இருக்கு. உள்ளூர் நேரம் கப்பல் நேரத்துக்குப் பின்னாடி இருந்தா ஆபத்து. முன்னாடி இருந்தா நீங்க ஒரு மணி நேரம் சீக்கிரம் வந்து நிப்பீங்க, அவ்வளவுதான்.

கப்பல் ஏன் காத்திருக்காது?

"மூணு பேருக்காக அரை மணி நேரம் நிக்கக் கூடாதா"ன்னு அம்மா அன்னைக்கு ராத்திரி கேட்டாங்க. நியாயமான கேள்வி. பஸ்னா கண்டக்டர் நிறுத்துவாரே.

பெரும்பாலான துறைமுகங்கள்ல பெரிய கப்பல் தானா கிளம்ப முடியாது. உள்ளூர்க் கடல் தெரிஞ்ச பைலட் ஏறணும். சில இடத்துல இழுவைப் படகு வேணும். இதெல்லாம் நேரம் குறிச்சு புக் பண்ணது. அந்த இடத்துக்கு அடுத்த கப்பல் வரலாம். சில துறைமுகங்கள்ல அலையேற்றம் இருக்கும்போதுதான் வெளிய போக முடியும். அதோட எரிபொருள் கணக்கு. கப்பலோட வேகத்தைக் கூட்டினா தேவைப்படுற இன்ஜின் சக்தி ஏறக்குறைய வேகத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். வேகம் 10 சதவீதம் கூடணும்னா சக்தி சுமார் 33 சதவீதம் கூடுதலா வேணும். போர்ட்ல விட்ட அரை மணி நேரத்தைக் கடல்ல பிடிக்கிறது அவ்வளவு செலவு.

2024 மார்ச் கடைசியில ஆப்பிரிக்காவுல சாவோ டோமே தீவுல நடந்ததை நியூஸ்ல பாத்திருப்பீங்க. நார்வீஜியன் டான் கப்பல்ல போன எட்டு பேர், தனியா எடுத்த டூர் தாமதமானதால கப்பலைத் தவற விட்டாங்க. கப்பல் அப்போ கண்ணுக்கு எட்டின தூரத்துல நங்கூரத்துலதான் நின்னுச்சு. ஆனா ஏத்திக்கலை. அடுத்து காம்பியாவுல பிடிச்சுடலாம்னு போனாங்க. அலை சரியில்லாம கப்பல் அங்க அணையவே இல்லை. கடைசியில செனகல் வரைக்கும் போய்த்தான் ஏறினாங்க.

இதுல இருந்து ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கோங்க. கப்பல் கம்பெனி மூலமா எடுத்த டூர் லேட்டானா பொதுவா கப்பல் காத்திருக்கும், இல்லன்னா அடுத்த ஊருக்கு அவங்க செலவுல கொண்டு போய்ச் சேப்பாங்க. அதனாலதான் அந்த டூர் விலை கூட. தனியாப் போனா விலை குறையும், ஆனா நேரத்துக்கு நீங்கதான் பொறுப்பு. ரெண்டும் தப்பில்லை. எதை வாங்குறீங்கன்னு தெரிஞ்சு வாங்குங்க.

ஏறுற நாள், இறங்குற நாள்

முதல் நாள் போர்டிங்லயும் இதே குழப்பம் உண்டு. டிக்கெட்ல '5 மணிக்குக் கிளம்பும்'னு இருக்கும். ஆனா செக்-இன் கவுண்டர் அதுக்கு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ முன்னாடியே மூடிடும். உங்களுக்குன்னு ஒரு வருகை நேரமும் கொடுத்திருப்பாங்க, அதைப் பாருங்க. மூடுறதுக்குக் காரணம், யார் யார் கப்பல்ல இருக்காங்கன்னு பட்டியலை முன்கூட்டியே அதிகாரிகளுக்குக் கொடுக்கணும். உதாரணத்துக்கு, அமெரிக்காவுல இருந்து கிளம்புற கப்பல்னா குறைஞ்சது 60 நிமிஷம் முன்னாடி அந்தப் பட்டியல் போய்ச் சேரணும்.

ஏறினதும் மஸ்டர் டிரில், அதாவது ஆபத்து நேரத்துல எங்க கூடணும்ங்கிற பயிற்சி. பலர் இதை ஒரு தொல்லையா நினைப்பாங்க. 2012 ஜனவரி 13 அன்னைக்கு இத்தாலியில கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில மோதி 32 பேர் இறந்தாங்க. அன்னைக்கு மாலைதான் ஏறின பல பேருக்கு அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. அப்ப இருந்த விதிப்படி 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினாப் போதும். அதுக்கப்புறம் விதியை மாத்தினாங்க. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தியாகணும்.

கடைசி நாள், கப்பல் காலை 7 மணிக்கு சிங்கப்பூர் வரும்னா, 10 மணிக்கு ஃப்ளைட் போடாதீங்க. பெட்டியை முந்தின ராத்திரியே அறைக்கு வெளிய வைக்கச் சொல்லுவாங்க, நம்பர் போட்ட டேக் கட்டி. அந்த நம்பர் வரிசையிலதான் இறக்குவாங்க. மதியத்துக்கு மேல ஃப்ளைட் போட்டா நிம்மதி. அந்தப் பெட்டிக்குள்ள மாத்திரையையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் வெச்சுடாதீங்க.

சுருக்கமா ஒரு செக்லிஸ்ட்

ஒண்ணு: கரை இறங்குறதுக்கு முந்தின ராத்திரி அந்தத் தாளையோ கப்பல் ஆப்பையோ படிங்க. ஆல் அபோர்டு எப்ப, கடைசி டெண்டர் எப்ப, ஷிப் டைமா உள்ளூர் டைமா. மூணையும் போட்டோ எடுத்துக்கோங்க.

ரெண்டு: போன்ல தானா நேரம் மாறுற செட்டிங்கை ஆஃப் பண்ணுங்க. இல்லன்னா நெட்வொர்க் இல்லாத ஒரு வாட்ச் கட்டிக்கோங்க. கப்பல்ல இருக்கிற ஏதாவது ஒரு கடிகாரத்தோட ஒத்துப் பாத்துட்டு இறங்குங்க.

மூணு: வந்து சேருற நேரத்தோட ஒரு மணி நேரம் கூட்டுங்க, டெண்டர்னா இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல கூட்டுங்க. ஆல் அபோர்டுல இருந்தோ கடைசி டெண்டர்ல இருந்தோ குறைஞ்சது முக்கால் மணி நேரம் கழிங்க. மிச்சம்தான் உங்க நேரம்.

நாலு: போர்ட் ஏஜென்ட் நம்பர் அந்தத் தாள்லயே இருக்கும். அதையும் போட்டோ எடுங்க. லேட் ஆகும்னு தெரிஞ்சா முதல் கால் அவங்களுக்குத்தான். இறங்கும்போதும் ஏறும்போதும் கார்டை ஸ்கேன் பண்றாங்களே, அதை வெச்சு யார் இன்னும் வரலைன்னு கப்பலுக்குத் தெரியும்.

அஞ்சு: ஒரு நாளுக்கான மாத்திரை, பாஸ்போர்ட் நகல், ஒரு பேங்க் கார்டு, மூணும் கைப்பையில இருக்கட்டும். அம்மாவோட மாத்திரையைக் கேபின்ல விட்டுட்டு இறங்கினதுதான் இன்னைக்கும் என்னை உறுத்துது.

2022ல சென்னையில இருந்தே க்ரூஸ் கிளம்ப ஆரம்பிச்சப்போ பல பேர் எனக்கு மெசேஜ் பண்ணிக் கேட்டீங்க. இலங்கைப் பக்கம் போறவங்களுக்கு டைம்ஸோன் தொல்லை இல்லை, ரெண்டு நாடும் ப்ளஸ் 5:30. ஆனா ஆல் அபோர்டு கணக்கு அங்கயும் இதேதான்.

அப்பா இப்பவும் தினமும் காலையில அந்த வாட்சுக்குச் சாவி கொடுக்கிறார். நான் ஏதாவது பெருசா ப்ளான் போட்டுச் சொன்னா, முழுக்கக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பார்: "யாரோட மணிடா?"

அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே. நேரத்துக்கு வந்துடுங்க!